தலைமாட்டுச் சாட்சி

ஐந்தாம் அத்தியாயம்

"ஏட்டய்யா மத்தியானத்துக்குள்ள வந்துருவாருங்க. அதுக்கு முன்னாடி என்ன கேக்கோணுமோ கேட்டுக்குங்க. அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது" என்று மருதாசலத்திடம் கையை உதறிவிட்டு, சென்னிமலை விலாஸ் லாட்ஜின் முதலாளி மயில்சாமி கல்லாப்பெட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

அங்கமுத்து ஒரு காலத்தில் நாடகக் கம்பெனியில் பபூன். கம்பெனி கலைந்ததும் துப்பறியும் மருதாசலத்திடம் உதவியாளனாக வந்து ஒட்டிக்கொண்டான். எழவு வீட்டில் கூட ஒரு கேலி சொல்லாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. ஆனால் இன்றைக்கு லாட்ஜின் விறகுக் கொட்டகையில் அடைபட்டுக் கிடப்பது அவனுடைய பெரியம்மா மகள் அங்காளம்மாள். புருஷன் போன பிறகு அயோத்தியாப்பட்டணத்தில் அல்லாடிக்கொண்டிருந்தவளை, வெந்நீர் போடும் வேலைக்கு இங்கே சேர்த்துவிட்டதே அவன்தான்.

சங்கதி இதுதான். திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து தங்கசாமிக் கவுண்டரும் அவர் சம்சாரம் கண்ணாத்தாளும் மகள் கல்யாணத்துக்குச் சாமான் வாங்கச் சேலம் வந்திருந்தார்கள். ஆசாரியிடம் புது அட்டிகையை வாங்கியாயிற்று. அம்மாபேட்டையில் பட்டுச் சேலை பார்க்கப் பொழுது போய்விட்டதால் ராத்திரி இங்கே தங்கினார்கள். காலையில் இரண்டு பேரும் கிணற்றடிக்குக் குளிக்கப் போய்த் திரும்பினால் அட்டிகையைக் காணோம்! அந்த அறைக்குள் யாருமே போகவில்லை என்று மயில்சாமி சத்தியம் செய்தார். எதிர் அறையில் காய்ச்சலோடு கிடந்த வெங்கடாசலம் என்கிற நூல் ஏஜண்டு உடனே சாட்சி சொல்லிவிட்டார். "தலையைத் தூக்க முடியாமப் படுத்திருந்தேன். படுத்தபடியே என் கண்ணால பார்த்தேன். வெந்நீர்க்காரி அந்த ரூமுக்குள்ள நுழைஞ்சா, மடியிலே எதையோ சொருகிக்கிட்டு வெளியே வந்தா" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். அங்காளம்மாளின் மடியில் ஒன்றும் கிடைக்கவில்லை. அதனால் என்ன? கூட்டாளியிடம் கைமாற்றிவிட்டாள் என்று அதற்கும் ஒரு கதை கட்டிவிட்டார்கள்.

போலீஸ் லாக்கப்புக்குள் போய்விட்டு வந்த பொம்பளைக்குச் சேலத்தில் எவன் வேலை கொடுப்பான்? உள்ளே விழப்போகிற அடி வேறு.

கொட்டகையைத் திறக்கச் சொல்லி மருதாசலம் உள்ளே போனார். அங்காளம்மாள் விறகுக் குவியல்மேல் குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

"அந்த ரூமுக்குள்ள போனியாம்மா?"

"வாசப்படியோட சரிங்க. தவலையை வச்சேன், திரும்பிட்டேன்."

"ஏஜண்டுக்கும் உனக்கும் ஏதாவது தகராறு உண்டா?"

அவள் விறகைப் பார்த்தாள். "ஒண்ணுமில்லீங்க."

அங்கமுத்துவுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. அக்காவை அவனுக்குத் தெரியும். ஒன்றுமில்லை என்றால் மூஞ்சியைப் பார்த்தல்லவா சொல்லுவாள்?

வெளியே வந்த மருதாசலம் சட்டைப் பையிலிருந்து வறுத்த நிலக்கடலையை எடுத்து உரிக்க ஆரம்பித்தார். கடலை உரிக்கிறார் என்றால் மூளை ஓடுகிறது என்று அர்த்தம். "வாப்பா, இங்கே தங்கியிருக்கறவங்களைப் போய்ப் பார்ப்போம். இந்த லாட்ஜிலே என்ன சௌகரியம், என்ன அசௌகரியம்னு கேட்போம்."

"ஏண்ணா, திருடனைத் தேடறமா, இல்லே மயில்சாமிக்கு நற்சாட்சிப் பத்திரம் எழுதிக் கொடுக்கப் போறமா?"

"திருட்டைப் பத்திக் கேட்டா அவனவன் யோசிச்சுப் பேசுவான். படுக்கையைப் பத்திக் கேட்டுப் பாரு, யோசிக்காமப் பேசுவான்."

முதலில் அகப்பட்டவர் நாமக்கல் பஸ் முதலாளி காளியண்ணன். குறை சொல்வதற்கென்றே அறை எடுத்தவர் மாதிரி வாசலிலேயே காத்துக்கொண்டிருந்தார்.

"அசௌகரியமுங்களா? எங்கிருந்து ஆரம்பிக்கிறதுங்க? சாம்பார்ல பருப்பைத் தேடோணும்னா மூழ்கித்தான் தேடோணும். மூட்டைப்பூச்சி என்னை இழுத்துக்கிட்டு ஈரோடு வரைக்கும் போயிரும் போல இருக்குது. மெத்தையைப் பாருங்க, நாலு மூலையும் கிழிசல். விடிஞ்சு எந்திரிச்சா மீசையெல்லாம் பஞ்சு! இதையெல்லாம் கூடப் பொறுத்துக்கலாமுங்க. அந்தக் கட்டிலைப் பாத்தீங்களா? தலைமாடு வடக்கே!"

மருதாசலம் எட்டிப் பார்த்தார். இரும்புக் கட்டில். மேட்டூர் அணை வேலை முடிந்ததும் கொட்டகைச் சாமான்களோடு ஏலத்துக்கு வந்தவற்றை மயில்சாமி மொத்தமாகப் பிடித்துவிட்டார். தங்க வந்த ஒரு புண்ணியவான் கட்டிலோடு அறையைக் காலி செய்துவிட்டுப் போனதிலிருந்து, எல்லாக் கட்டில்களையும் தரையில் சிமெண்டு போட்டுப் புதைத்துவிட்டார். சிமெண்டு இறுகிய பிறகுதான் ஒருவர் சொன்னாராம், சாய்வுத் தகடு வைத்த தலைமாடு அத்தனை அறையிலும் வடக்குச் சுவரோரம் போய்விட்டது என்று. அதற்குப் பிறகு அசைக்க முடியுமா?

"வடக்கே தலை வச்சு எவனாச்சும் படுப்பானுங்களா?" என்று குமுறினார் காளியண்ணன். "வாரவங்க அத்தனை பேரும் தலகாணியைக் கால்மாட்டுக்குக் கொண்டுவந்து, திரும்பித்தான் படுக்கறோம். காலைத் தகட்டுமேல வச்சுக்கிட்டு, தலையைக் கம்பியில இடிச்சுக்கிட்டு... இதுக்கு வாடகை வேற!"

"நல்லதுன்னு ஒண்ணுமே இல்லீங்களா?"

காளியண்ணன் கொஞ்சம் யோசித்தார். "இருக்குதுங்க. அந்த வெந்நீரு. வெள்ளென வந்து, 'தண்ணி காஞ்சிருச்சுங்க'ன்னு ஒரு கொரல் கொடுக்கும் பாருங்க, அந்தப் புள்ள. பதமான சூடு. அதையா திருடின்னு சொல்றாங்க? எனக்கு மனசு ஒப்பலீங்க."

அங்கமுத்துவுக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. சாம்பாரைத் திட்டியது உட்பட எல்லாவற்றையும் மன்னித்துவிட்டான்.

நடையின் தென்புறத்து அறையில் கண்ணாத்தாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். கவுண்டர் இடிந்துபோய் நின்றார்.

"நான் கீழ ஜமக்காளத்திலே படுத்தனுங்க. பொட்டுத் தூக்கமில்ல" என்றார் தங்கசாமி.

"நானு கட்டில்ல நல்லாத்தான் தூங்கினேன் சாமி" என்றாள் கண்ணாத்தாள். "தலையைத் தெக்க வச்சுக்கிட்டு, அட்டியலை மஞ்சத்துணியில முடிஞ்சு, தலைக்கடியில மெத்தைக் கிழிசலுக்குள்ள சொருகிட்டுத்தான் படுத்தேன். குளிச்சுட்டு வந்து கைய உட்டா வெறும் பஞ்சு. மெத்தை பூராத்தையும் பிரிச்சுப் பாப்போம்னு இவரு போனாரு. அதுக்குள்ள ஏஜண்டு பாத்தேன்னுட்டாரு. இனி எதுக்கு எம் மெத்தையைக் கிழிக்கிறீங்கன்னு மொதலாளியும் தடுத்துப்போட்டாரு. வெள்ளிக்கெழமை முகூர்த்தம். என்ற புள்ள கழுத்துக்கு நான் என்னத்தைப் போடுவேன்?"

மருதாசலம் ஒரு கடலையை வாயில் போட்டுக்கொண்டு, நடையைத் தாண்டி எதிர் அறைக்குள் நுழைந்தார்.

வெங்கடாசலம் கழுத்துவரை கம்பளியைப் போர்த்திக்கொண்டு, தலையணையை மடியில் வைத்து, கட்டிலின் நடுவில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கோயமுத்தூர்க் கிராப்பு, தங்கப் பித்தான். அறைக்குள் தேங்காயெண்ணெய் வாசனை குப்பென்று அடித்தது.

"இங்கே சௌகரியமெல்லாம் எப்படீங்க?"

"சொர்க்கமுங்க! கட்டில் அருமை. சாப்பாடு தேவாமிர்தம். பூச்சி, பொட்டு ஒண்ணுமில்லை. மயில்சாமி தங்கமான மனுசன்."

அங்கமுத்து மருதாசலத்தின் காதருகே குனிந்தான். "மூட்டைப்பூச்சி இவரை மட்டும் கடிக்கலையாமே. சொந்தக்காரங்களை எப்படிக் கடிக்கும்?"

"வெந்நீரு?" என்றார் மருதாசலம்.

ஏஜண்டின் முகம் சட்டென்று சுருங்கியது. "அது ஒண்ணுதான் சரியில்லை. அந்தப் பொம்பளைக்குத் திமிரு ஜாஸ்தி."

"அவ உள்ளே போனதைப் பார்த்தது நீங்க ஒருத்தர்தான். ஏட்டு வந்ததும் கேட்பாரு. இப்பவே எல்லார் முன்னாலேயும் ஒரு தடவை நடந்தபடி காட்டிட்டீங்கன்னா எனக்கும் வேலை மிச்சம்."

வெங்கடாசலத்துக்கு அது பிடித்திருந்தது. சாட்சி சொல்வதில் ஒரு பெருமை இருக்கிறதல்லவா? மயில்சாமி வந்தார். கவுண்டரும் கண்ணாத்தாளும் வந்தார்கள். காளியண்ணன் கூப்பிடாமலே வந்தார். அங்கமுத்து போய் அங்காளம்மாளை அழைத்துவந்து நடையில் நிறுத்தினான். அவள் கதவுப் பக்கம் கூடத் திரும்பவில்லை.

"நீங்க எப்படிப் படுத்திருந்தீங்களோ, அப்படியே படுங்க" என்றார் மருதாசலம். "அவசரமில்லை. காய்ச்சக்காரரு."

ஏஜண்டு ஒரு முனகல் முனகினார். மடியிலிருந்த தலையணையை எடுத்தார். பிறந்தது முதல் செய்துவந்தபடி, கை தானாகவே அதைத் தென்பக்கம், வாசலோரத்துக் கால்மாட்டில் போட்டது. தலையைச் சாய்த்துக்கொண்டு, காலை வடக்கே நீட்டினார். "இதோ, இப்படித்தாங்க படுத்திருந்தேன். நேரே பார்த்தா எதிர் ரூம்..."

பேச்சு பாதியில் நின்றது.

அவர் கண்ணுக்கு நேரே இருந்தது வடக்குச் சுவரும் அதிலிருந்த ஜன்னலும். ஜன்னலுக்கு வெளியே ஒரு புங்க மரம். எதிர் அறையும், வாசலும், அங்கே நின்றுகொண்டிருந்த அத்தனை பேரும் அவருடைய உச்சந்தலைக்குப் பின்னால் இருந்தார்கள்!

முதலில் வாயைத் திறந்தவர் காளியண்ணன்தான். "ஏனுங்க, உங்களுக்கு உச்சந்தலையிலயும் கண்ணிருக்குதுங்களா?"

வெங்கடாசலம் துள்ளி எழுந்தார். "இல்லே, இல்லே, காலையில நான் அந்தப் பக்கம் தலை வச்சு..."

"வடக்கேயா?" என்று கண்ணாத்தாள் கன்னத்தில் கை வைத்தாள்.

"அவசரத்துல அதையும் சொல்லிப்பிடாதீங்க" என்றார் மருதாசலம். "கால்மாட்டுக் கம்பியைத் தடவிப் பாருங்க, உங்க தலையெண்ணெய்ப் பிசுக்கு விரலிலே ஒட்டும். தலைமாட்டுத் தகட்டிலே சிலந்தி வலை கட்டியிருக்கு. அங்கே நீங்க ஒரு நாளும் தலை வச்சதில்லை. தலையைத் தூக்க முடியலைன்னும் நீங்களே சொல்லிட்டீங்க. அப்போ எதைக் கொண்டு பார்த்தீங்க?"

"திருடன் இவன்தானுங்க!" என்று கத்திக்கொண்டு காளியண்ணன் ஏஜண்டின் சட்டையைப் பிடித்துவிட்டார். அங்கமுத்துவுக்குத் தலைகால் புரியவில்லை. "அக்கா, கேட்டியா அக்கா?" என்று நடையைப் பார்த்துக் கூவினான். அவள் முகத்தில் சந்தோஷத்தைக் காணோம். அவள் வெங்கடாசலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அறையைக் குடைந்தார்கள். டிரங்குப் பெட்டி, நூல் சாம்பிள் மூட்டை, கம்பளி, மெத்தை, கூரை இடுக்கு எல்லாவற்றையும் பார்த்தாயிற்று. அட்டிகையும் இல்லை, அதன் சாயலும் இல்லை. அந்த நேரம் பார்த்து வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது. ஏட்டு குழந்தைவேல் வந்துவிட்டார்.

நடந்ததைக் கேட்டுவிட்டு அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். "பொய் சொன்னவனும் வரட்டும், பழி விழுந்தவளும் வரட்டும். பொருளைக் காணோமில்லே? ரெண்டு பேரையும் ஸ்டேஷன்ல வச்சு விசாரிக்கிற மாதிரி விசாரிச்சா தன்னால வெளியே வரும்."

விசாரிக்கிற மாதிரி என்றால் எந்த மாதிரி என்று அங்கமுத்துவுக்குத் தெரியாதா? "அண்ணா, ஏதாச்சும் பண்ணுங்கண்ணா" என்று மருதாசலத்தின் கையைப் பிடித்துவிட்டான். பிடித்த கை ஜில்லென்றிருந்தது, அது தன்னுடையதா அவருடையதா என்று கூட அவனுக்குத் தெரியவில்லை.

மருதாசலம் கடலைத் தோலைக் கீழே ஊதினார். "மயில்சாமி, இங்கே ரூம்கள்லே படுக்கையை யாரு போடறாங்க?"

"ஆளெல்லாம் வச்சுக் கட்டுபடியாகுதுங்களா? நானேதான்."

"எப்படிப் போடுவீங்க?"

"எப்படின்னா? ராத்திரி எல்லாரும் மெத்தையிலே தெக்கால எண்ணெய்க் கறையாக்கி வச்சுடறாங்க. தலகாணியும் கால்மாட்டுல கெடக்கும். ரூம் பாக்க வாரவங்க கண்ணுல அது பட்டா, கட்டில் வடக்கே இருக்குதுன்னு சூட்சுமம் தெரிஞ்சு அப்படியே போயிருவாங்க. அதனால தினமும் காலையில மெத்தையைத் தெக்கு வடக்காத் திருப்பி, தலகாணியையும் தலைமாட்டுக்குக் கொண்டாந்து ஒழுங்குபடுத்திருவனுங்க."

"இன்னிக்கும் செஞ்சீங்களா?"

"ஆமாங்க. ஏஜண்டுதான் எந்திரிக்கல. மத்த ரூமெல்லாம் ஆச்சு."

"கவுண்டர் ரூமும்?"

"அவுங்க குளிக்கப் போயிருந்தாங்க. அப்பத்தான்..."

"காலையிலே அந்த ரூமுக்குள்ள யாருமே போகலைன்னு சத்தியம் பண்ணினீங்களே!"

"யாரும் போகலீங்களே."

"நீங்க போயிருக்கீங்களே!"

"நான் மொதலாளிங்க!" என்றார் மயில்சாமி, கேள்வியே புரியாமல்.

மருதாசலம் சொல்வதற்கு முன்பே கண்ணாத்தாளுக்குப் புரிந்துவிட்டது. சேலையை வாரிப் பிடித்துக்கொண்டு எதிரேயிருந்த தன் அறைக்கு ஓடினாள். தெற்கே தான் தலை வைத்த இடத்தைத் திரும்பிக் கூடப் பார்க்கவில்லை. வடக்கு மூலைக் கிழிசலில் முழங்கை வரைக்கும் கையை விட்டாள். பஞ்சு பறந்தது. கை வெளியே வந்தபோது மஞ்சள் துணி முடிச்சு அதில் இருந்தது.

"அட சாமி! என்ற சாமி!" என்று முடிச்சைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். கவுண்டர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அங்கமுத்து பபூன் காலத்துக் குட்டிக்கரணம் ஒன்று போடலாமா என்று நடையின் அகலத்தைப் பார்த்தான்.

"திருட்டே நடக்கலைன்னா என்னை எதுக்கய்யா வெயில்ல வரச் சொன்னே?" என்று ஏட்டு மயில்சாமியின்மேல் பாய்ந்தார்.

"மன்னிச்சுக்கோணுமுங்க. ஒண்ணுமே நடக்கல, எல்லாம் சாமி புண்ணியம். காபி சாப்பிட்டுட்டுப் போங்க" என்று குழைந்த மயில்சாமி, அதே மூச்சில் நடைப்பக்கம் திரும்பினார். "அங்காளம்மா, போயி அடுப்பைப் பாரு. எல்லாருக்கும் நேரமாச்சு."

"ஒண்ணு நடந்திருக்கு" என்றார் மருதாசலம். "திருட்டு நடக்கலை. அப்புறம் ஏஜண்டு எதுக்காகப் பொய் சொல்லி ஒரு பொம்பளையை ஜெயிலுக்கு அனுப்பப் பார்த்தாரு?"

"காய்ச்சல்ல கண்ணு மயங்கிருச்சுங்க..." என்று இழுத்தார் வெங்கடாசலம்.

"காய்ச்சல் காலிலேயா வரும்? அப்போ படுத்து ஜன்னல் பக்கம் காலை நீட்டினீங்களே, அத்தனையும் கொப்புளம். தேங்காயெண்ணெயும் சுண்ணாம்புத் தெளிவும் குழைச்சுப் பூசியிருக்கு. அது வெந்நீர் கொட்டினதுக்குப் போடற மருந்து."

எல்லார் கண்ணும் அங்காளம்மாளிடம் போயிற்று. அங்கமுத்துவுக்கு அப்போதுதான் உறைத்தது. கொட்டகையில் விறகைப் பார்த்துக்கொண்டு அவள் சொன்ன 'ஒண்ணுமில்லீங்க' இப்போது அவன் நெஞ்சில் வந்து அறைந்தது. சொல்லாதே அக்கா, இத்தனை ஆம்பளைக்கு நடுவில் சொல்லாதே என்று ஒரு மனசு பதறியது. சொல்லு என்று இன்னொரு மனசு கத்தியது.

கண்ணாத்தாள் எழுந்து வந்து அவள் பக்கத்தில் நின்றாள்.

அங்காளம்மாள் நிமிர்ந்தாள். "நேத்து சாயங்காலம் தண்ணி கொண்டாந்தேன். கதவைச் சாத்திட்டு என் கையைப் புடிச்சு இழுத்தான். தவலையை அவன் கால்ல சாச்சுட்டு ஓடியாந்தேன்" என்றாள்.

"அடப் பாவி!" என்றார் காளியண்ணன்.

மயில்சாமி தலையில் அடித்துக்கொண்டார். "இதை எங்கிட்டச் சொல்ல மாட்டியா, அம்மா? நேத்தே சொல்லியிருந்தா இவனைச் சட்டையைப் புடிச்சு வெளிய தள்ளியிருப்பனே!"

"நேத்தே சொன்னேனுங்களே" என்றாள் அங்காளம்மாள். "கல்லாவுல உக்காந்திருந்தீங்க. நான் சொன்னதும், மாசாமாசம் வந்து தங்கறவரு, அவரு மனசு கோணக் கூடாது, நீ ஒதுங்கிப் போயிருன்னு சொன்னீங்க. இன்னிக்கு அவரு என்மேல திருட்டுப் பட்டம் கட்டினவுடனே, என்னைக் கொட்டகையிலே தள்ளிப் பூட்டினதும் நீங்கதானுங்களே."

கவுண்டர் மயில்சாமியை மேலும் கீழுமாகப் பார்த்துவிட்டு, ஜமக்காளத்தைச் சுருட்ட ஆரம்பித்தார்.

ஏட்டு ஏஜண்டின் தோளில் கையைப் போட்டார். "நடப்பா. கால் வலிக்குதுன்னா மெதுவாவே நட." பிறகு அங்காளம்மாளைப் பார்த்து, கொஞ்சம் தயங்கினார். "நீ வர வேண்டாம்மா. ஸ்டேஷன் படி ஏறினா நாலு பேர் நாலு விதமாப் பேசுவாங்க."

"பேசட்டுமுங்க" என்றாள் அவள். "என்னை இழுத்துக்கிட்டுப் போறதுக்குத்தானே உங்களைக் கூப்பிட்டாங்க? இப்ப நானே வாரேன். நடந்ததை நான் சொல்லச் சொல்ல எழுதிக்குங்க."

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஏட்டுக்கும் ஏஜண்டுக்கும் முன்னால் நடந்தாள். அங்கமுத்து ஓடிப்போய் அவளோடு சேர்ந்துகொண்டான். வாசலுக்கு வந்ததும் மயில்சாமி பின்னாலிருந்து கூப்பிட்டார். "அங்காளம்மா, அடுப்பு எரிஞ்சுக்கிட்டிருக்குதே, தண்ணிய ஆரு எறக்கறது?"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "சூடா இருக்கும். காலைப் பாத்து எறக்குங்க" என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினாள்.